பேரும் டக்கர், காரும் டக்கர்: மொத்தமே 51 கார் செய்தவர் கோர்ட் படி ஏறியது ஏன்?

முன்னால் மூன்று ஹெட்லைட். இரண்டு பக்கமும் வழக்கம்போல ஒவ்வொன்று. நடுவில் இருக்கும் மூன்றாவது விளக்கு, ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அந்தப் பக்கம் தானும் திரும்பி வளைவில் வெளிச்சம் அடிக்கும். பானெட்டைத் திறந்தால் உள்ளே இன்ஜின் இருக்காது, பெட்டி வைக்கும் இடம்தான் இருக்கும். இன்ஜின் பின்னால். அதுவும் ஹெலிகாப்டருக்காக உருவாக்கப்பட்ட இன்ஜின்.

ஏதோ சினிமாவுக்காக செட் போட்டுச் செய்த வண்டி மாதிரி இருக்கும். ஆனா இது 1948-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் தயாரான குடும்பக் கார். பெயர் டக்கர் 48. மாதிரி வண்டியையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் 51 வண்டிகள். அவ்வளவுதான், அதோடு கம்பெனி மூடப்பட்டது.

இதை உருவாக்கியவர் பிரெஸ்டன் டக்கர். ஒரு விஷயம் பிரமாதமாக இருந்தால் டக்கர் என்று நாம் சொல்வதற்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. இத்தனை புதுமைகளோடு கார் செய்தவர், பொதுமக்களின் பணத்தை ஏமாற்றி வாங்கினார் என்ற குற்றச்சாட்டோடு கோர்ட்டில் நின்றார். அவர் உண்மையிலேயே மோசடிக்காரரா? இல்லை, பெரிய கார் கம்பெனிகள் சேர்ந்து அவரைக் கவிழ்த்தனவா? கார் ரசிகர்களிடையே இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

யார் இந்த டக்கர்?

1903 செப்டம்பர் 21-ல் மிச்சிகன் மாநிலத்தின் கேபக் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். டக்கர் சிறு குழந்தையாக இருக்கும்போதே அவர் இறந்துவிட, ஆசிரியையான அம்மாதான் தனியாக வளர்த்தார். வளர்ந்த ஊர் லிங்கன் பார்க். கார் தொழிலின் தலைநகரமான டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. அங்கே கார் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

11 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். 16 வயதில் பழைய கார்களை வாங்கி, ரிப்பேர் பார்த்து, லாபம் வைத்து விற்க ஆரம்பித்தார். பள்ளிப் படிப்பை பாதியில் விட்டுவிட்டு கேடிலாக் கம்பெனியில் ஆபீஸ் பாயாகச் சேர்ந்தார். ஒவ்வொரு அறையாக நடந்து போய் காகிதம் கொடுப்பது நேர விரயம் என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஆபீஸுக்குள் ஓடினாராம். ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு இது ஒன்றே போதும்.

பிறகு லிங்கன் பார்க் போலீஸில் சேர்ந்தார். மக்கள் சேவைக்காக இல்லை, வேகமான போலீஸ் வண்டிகளை ஓட்டலாம் என்பதற்காக. பையனுக்கு இன்னும் வயசு ஆகவில்லை என்று அம்மாவே சொல்லி அந்த வேலையை விட வைத்தார். சில காலம் பெட்ரோல் பங்க் நடத்திவிட்டு மறுபடியும் போலீஸுக்குப் போனார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. மிச்சிகன் குளிர் தாங்க முடியாமல், இன்ஜின் சூடு உள்ளே வரட்டும் என்று போலீஸ் காரின் டேஷ்போர்டில் ஓட்டை போட்டு மேலதிகாரிகளிடம் மாட்டிக்கொண்டார் என்று அவரைப் பற்றிய கதைகளில் தவறாமல் வரும்.

அடுத்து கார் விற்பனை. இதில்தான் டக்கருக்குத் தன்னுடைய உண்மையான பலம் தெரிந்தது. அவர் முறையாகப் படித்த இன்ஜினியர் இல்லை. ஆனால் பேசினால் எதிரில் இருப்பவர் பர்ஸைத் திறப்பார். ஸ்டூடிபேக்கர், பியர்ஸ் ஏரோ என்று பல கம்பெனிகளின் கார்களை விற்றார். அந்தப் பேச்சுத் திறமைதான் பின்னாடி அவரை உயரத்துக்கும் கொண்டுபோனது, கோர்ட்டுக்கும் கொண்டுபோனது.

ரேஸில் விழுந்த முதல் அடி

இண்டியனாபொலிஸ் ரேஸ் மீது டக்கருக்கு அப்படி ஒரு மோகம். அங்கே ரேஸ் கார் இன்ஜின்களின் மேதை என்று பெயர் வாங்கிய ஹாரி மில்லரோடு நட்பானார். 1935-ல் இருவரும் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள். ஃபோர்டு நிறுவனத்திடம் பேசி, அதன் வி8 இன்ஜின் வைத்து 10 ரேஸ் கார்கள் செய்துதர ஆர்டர் வாங்கினார் டக்கர்.

நேரம் ரொம்பக் குறைவு. அவசர அவசரமாகச் செய்த கார்களில் நான்கு மட்டுமே ரேஸுக்குத் தகுதி பெற்றன. நான்குமே பாதியில் வெளியேறின. காரணம் சின்னது: ஸ்டீயரிங் பாக்ஸை எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். சூடு ஏற ஏற ஸ்டீயரிங் இறுகி, திருப்பவே முடியாமல் போனது. முழுசாக ஓட்டிப் பார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். அதற்குத்தான் நேரமே இல்லையே. 12 வருஷம் கழித்து இதே தப்பு வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

போருக்கு முன்பு ராணுவத்துக்காக ஒரு வேகமான சண்டை வண்டியையும் வடிவமைத்தார். மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் வண்டி. இவ்வளவு வேகம் வேண்டாம் என்று அமெரிக்க ராணுவம் கைவிரித்துவிட்டது.

போர் முடிந்ததும் கிடைத்த வாய்ப்பு

1942 முதல் 1945 வரை அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் தயாரிப்பு அறவே நிறுத்தப்பட்டிருந்தது. தொழிற்சாலைகள் எல்லாம் டாங்கியும் விமானமும் செய்துகொண்டிருந்தன. போர் முடிந்தபோது மக்கள் கையில் காசு இருந்தது, வாங்கக் கார் இல்லை. பெரிய கம்பெனிகளோ போருக்கு முந்தைய டிசைனையே லேசாக மாற்றி விற்க ஆரம்பித்தன. எதைக் கொடுத்தாலும் விற்றுத் தீரும் என்றால் புது டிசைனுக்கு யார் செலவு செய்வார்கள்?

இந்த இடைவெளியில்தான் டக்கர் நுழைந்தார். புத்தம் புதுசாக, பாதுகாப்பை முன்னால் வைத்து ஒரு கார். முதலில் வைத்த பெயர் டார்பிடோ. ஜனங்களுக்குப் போரை நினைவூட்டுகிறது என்று அது டக்கர் 48 ஆனது.

தொழிற்சாலை? சிகாகோவில் பி-29 குண்டுவீச்சு விமானங்களுக்கு இன்ஜின் செய்த பிரம்மாண்டமான ஆலை போர் முடிந்து சும்மா கிடந்தது. மொத்த வளாகம் 475 ஏக்கர். பிரதான கட்டடம் மட்டும் ஒரே கூரைக்குக் கீழே 93 ஏக்கர். அதை 1946-ல் அரசிடமிருந்து குத்தகைக்கு வாங்கினார். நிபந்தனை ஒன்று இருந்தது: குறிப்பிட்ட தேதிக்குள் 1.5 கோடி டாலர் மூலதனம் காட்ட வேண்டும்.

இங்கேதான் சிக்கலின் வேர். வங்கியிடமோ பெரும் பணக்காரர்களிடமோ போனால் கம்பெனியின் பிடி அவர்கள் கைக்குப் போய்விடும். டக்கர் அதை விரும்பவில்லை. நேராக மக்களிடம் போனார். இன்னும் வராத காருக்கு டீலர்ஷிப் விற்றார். பிறகு பங்கு வெளியிட்டார். சுமார் 1.7 கோடி டாலர் திரண்டது. ஆயிரக்கணக்கான சாதாரண குடும்பங்கள் பங்கு வாங்கின.

கார் வரும் முன்னே சீட் கவர்

பணம் அதற்கும் பத்தவில்லை. அப்போது டக்கர் போட்ட திட்டம்தான் அவருடைய கதையிலேயே சர்ச்சைக்குரியது. காருக்கான சீட் கவர், ரேடியோ, பெட்டி இதையெல்லாம் முன்கூட்டியே வாங்கிவிட்டால், கார் தயாரானதும் வரிசையில் உங்களுக்கு முன்னுரிமை கிடைக்கும் என்றார். அஸ்திவாரமே தோண்டாத அபார்ட்மெண்டில் கார் பார்க்கிங்குக்கும் மாடுலர் கிச்சனுக்கும் அட்வான்ஸ் கட்டுவது நமக்குப் புதுசில்லை. 1940-களின் அமெரிக்காவுக்கு அது புதுசு.

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் எஸ்.இ.சி அமைப்பு, அதாவது நம்ம ஊர் செபி மாதிரி, இதை முறைத்துப் பார்க்க ஆரம்பித்தது. பார்க்கக் காரணமும் இருந்தது. 1947-ல் வந்த முழுப்பக்க விளம்பரம், இந்தக் காருக்குப் பின்னால் 15 வருஷ சோதனை இருப்பதாகச் சொன்னது. அப்போது ஓடும் நிலையில் ஒரு கார்கூட இல்லை.

அறிமுக விழாவில் நடந்த கூத்து

1947 ஜூன் 19. சிகாகோ ஆலையில் 3,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் மாதிரி வண்டி படாதபாடு பட்டுக்கொண்டிருந்தது. தகரத்தைத் தட்டித் தட்டிச் செய்ததால் தொழிலாளர்கள் அதற்குத் தகர வாத்து என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். விழாவுக்குச் சற்று முன்பு அதன் சஸ்பென்ஷன் கைகள் உடைந்து, அவசரமாகச் சரிசெய்யப்பட்டன.

முதலில் டக்கர் கனவு கண்ட இன்ஜின் 9.6 லிட்டர் கொள்ளளவு கொண்ட ராட்சதம். அதை ஸ்டார்ட் செய்யவே வெளியிலிருந்து தனியாக பேட்டரி கொடுக்க வேண்டியிருந்தது. சத்தமோ காது கிழியும். இன்ஜின் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று பேண்டு வாத்தியக்காரர்களைப் பலமாக வாசிக்கச் சொன்னார்கள். காரை மேடைக்குக் கொண்டு வந்து, கொதிக்கும் இன்ஜினிலிருந்து ஆவி கிளம்ப, திரை விலகியது. கூட்டம் கைதட்டியது. வடிவமைப்பாளர் அலெக்ஸ் டிரெமுலிஸ் தீட்டிய அந்த உருவத்தைப் பார்த்தால் இன்றைக்கும் கைதட்டத் தோன்றும்.

ஆனால் அந்த மாதிரி வண்டியால் பின்னால் போக முடியாது. கியர் பாக்ஸே இல்லாமல், இன்ஜினிலிருந்து நேராகப் பின் சக்கரங்களுக்கு விசை கொடுக்கும் முறை அது. ரிவர்ஸுக்கு ஏற்பாடு செய்யும் முன்பே விழா தேதி வந்துவிட்டது. வானொலி செய்தியாளர் டிரூ பியர்சன் இதைப் போட்டு உடைக்க, ரிவர்ஸ் போகாத கார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த கார்களில் ரிவர்ஸ் ஒழுங்காகவே இருந்தது. பெயர் மட்டும் போகவில்லை.

அதே ஆண்டில் கம்பெனியின் சேர்மனே ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார்.

உண்மையில் கார் எப்படி இருந்தது?

விழாவுக்குப் பிறகுதான் உருப்படியான வேலை நடந்தது என்று சொல்லலாம். ராட்சத இன்ஜினைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். பெல் 47 ஹெலிகாப்டரில் பயன்பட்ட 5.5 லிட்டர் ஃபிராங்க்ளின் இன்ஜினை எடுத்து, காற்றால் குளிரும் அமைப்பைத் தண்ணீரால் குளிரும்படி மாற்றினார்கள். 166 குதிரைத்திறன். இன்ஜின் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்று அதைச் செய்யும் கம்பெனியையே 18 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டார் டக்கர்.

கியர் பாக்ஸுக்கு இன்னும் வேடிக்கையான வழி. கார்டு என்ற கம்பெனி 1930-களில் முன்சக்கர டிரைவ் கார்களைச் செய்து, பிறகு இழுத்து மூடப்பட்டிருந்தது. அதன் கியர் பாக்ஸை அப்படியே திருப்பிப் போட்டால் பின் இன்ஜின் வண்டிக்குப் பொருந்தும். ஆட்களை அனுப்பி காயலான் கடைகளிலும் பழைய கார் கடைகளிலும் தேடித் தேடி வாங்கிவந்தார்கள். புது யுகத்தின் காருக்குள் செத்துப்போன கம்பெனியின் பழைய கியர் பாக்ஸ்.

பாதுகாப்பு விஷயத்தில் டக்கர் விளையாடவில்லை. டேஷ்போர்டு விளிம்பில் மெத்தை. பலமாக மோதினால் முன் கண்ணாடி உடைந்து முகத்தில் குத்தாமல் சட்டத்தோடு கழன்று வெளியே விழும். முன் சீட்டில் இருப்பவர் மோதும் நேரத்தில் குனிந்து பதுங்கிக்கொள்ள டேஷ்போர்டுக்குக் கீழே காலி இடம். கூரைக்குள் இரும்புச் சட்டம். சீட் பெல்ட்டும் வைக்கலாம் என்ற யோசனை வந்தது. பெல்ட் இருந்தால் கார் ஆபத்தானது என்று வாங்குபவர்கள் நினைப்பார்கள் என்று சொல்லி கம்பெனி நிர்வாகிகளே அதைத் தடுத்துவிட்டார்கள். விளம்பரத்தில் சொன்ன டிஸ்க் பிரேக், மெக்னீசியம் சக்கரம் போன்றவையும் வரவில்லை.

1948-ல் இண்டியனாபொலிஸ் பாதையில் கார்களை ஓட்டிச் சோதித்தார்கள். அதில் ஒரு வண்டி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று குட்டிக்கரணம் அடித்தது. முன் கண்ணாடி சொன்னபடி கழன்று விழுந்தது. ஓட்டியவர் சிராய்ப்போடு எழுந்து வந்தார். சக்கரத்தை மாற்றியதும் அதே காரை ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு போனார்கள்.

வழக்கு என்ன?

அதற்குள் வெளியே நிலைமை கைமீறிவிட்டது. 1948-ல் எஸ்.இ.சி-யும் நீதித்துறையும் விசாரணையில் இறங்கின. டக்கர் பத்திரிகைகளில் பகிரங்கக் கடிதம் வெளியிட்டு, அதிகாரத்தில் இருப்பவர்கள் தன்னை முடக்கப் பார்க்கிறார்கள் என்று குற்றம்சாட்டினார். பங்கு விலை சரிந்தது. டீலர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 1949 தொடக்கத்தில் ஆலை மூடப்பட்டபோது முழுமையாகத் தயாராகியிருந்தவை 37 கார்கள். சில தொழிலாளர்கள் சம்பளமே இல்லாமல் திரும்பி வந்து மேலும் 13 வண்டிகளை முடித்துக் கொடுத்தார்கள். அப்படித்தான் கணக்கு 50 ஆனது, மாதிரி வண்டியோடு 51.

ரகசியமாக இருக்க வேண்டிய எஸ்.இ.சி அறிக்கை 1949 மார்ச்சில் டெட்ராய்ட் பத்திரிகைக்குக் கசிந்து, மாபெரும் மோசடி என்ற தொனியில் செய்தி வெளியானது. ஜூன் மாதம் டக்கர் மீதும் கம்பெனி நிர்வாகிகள் மீதும் குற்றப்பத்திரிகை. மொத்தம் 31 குற்றச்சாட்டுகள். அதில் 25 தபால் மோசடி. தபாலுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் தபால் மத்திய அரசின் கையில் இருக்கிறது. ஏமாற்றும் எண்ணத்தோடு விளம்பரமோ கடிதமோ தபாலில் அனுப்பினால் அது மத்திய அரசின் குற்றமாகிவிடும்.

இதில் முக்கியமான வார்த்தை, எண்ணம். வாக்குக் கொடுத்ததைச் செய்யாதது மட்டும் போதாது. செய்யும் எண்ணமே இல்லாமல் வாங்கினார் என்று நிரூபிக்க வேண்டும்.

1949 அக்டோபரில் சிகாகோவில் விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்பு சாட்சிகளே அரசுக்கு வினையானார்கள். டக்கரை நம்பி 28,000 டாலர் இழந்த ஒரு டீலர் கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணையில், தான் இன்னும் டக்கர் காரைத்தான் ஓட்டுவதாகவும், 56,000 கிலோமீட்டர் ஓடியும் அது மணிக்கு 145 கிலோமீட்டரில் வழுக்கிக்கொண்டு போவதாகவும் சொன்னார். காரே செய்யும் எண்ணம் இல்லாதவர் என்று எப்படி வாதாடுவது? கார்தான் ரோட்டில் ஓடுகிறதே.

டக்கர் தரப்பு ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. குற்றமே நடக்காதபோது எதற்கு எதிர்வாதம் என்று வக்கீல் முடித்துக்கொண்டார். 28 மணி நேரம் ஆலோசித்த நடுவர் குழு, 1950 ஜனவரி 22-ல் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் அனைவரையும் விடுவித்தது. டக்கர் ஜெயித்தார். ஆனால் ஆலை கையில் இல்லை, கம்பெனி இல்லை. பங்கு வாங்கியவர்களின் பணமும் திரும்பி வரவில்லை.

சதியா, சொந்த வினையா?

பெரிய கம்பெனிகளும் அரசியல்வாதிகளும் சேர்ந்து டக்கரை ஒழித்தார்கள் என்பது பிரபலமான கதை. 1988-ல் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா எடுத்த படமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. கொப்போலாவின் அப்பாவே டக்கர் கம்பெனியில் பணம் போட்டவர் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்கணும். அறிக்கை கசிந்தது உண்மை, அது நியாயமில்லாத வேலை என்பதும் உண்மை. ஆனா கார் கம்பெனிகள் ஒன்றுகூடிச் சதி செய்ததாக எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஓட்டிப் பார்க்கும் முன்பே விற்றதும், இல்லாத 15 வருஷ சோதனையை விளம்பரத்தில் போட்டதும் டக்கரின் சொந்தக் கைவேலை. ஏமாற்றுக்காரர் என்பதைவிட அவசரக்காரர் என்ற பெயர்தான் அவருக்குச் சரியாகப் பொருந்தும்.

வழக்கில் அரசுத் தரப்பை வழிநடத்திய ஓட்டோ கெர்னர் பிறகு இல்லினாய் மாநில கவர்னரானார், மத்திய நீதிபதியும் ஆனார். 1973-ல் குதிரைப் பந்தயப் பங்குகளை லஞ்சமாக வாங்கிய வழக்கில் அவரே தண்டிக்கப்பட்டார். அதில் ஒரு குற்றச்சாட்டு, தபால் மோசடி.

பிறகு டக்கர் என்ன ஆனார்?

ஓய்ந்து உட்காரவில்லை. பிரேசிலில் முதலீட்டாளர்களைப் பிடித்து, கரியோக்கா என்ற பெயரில் இன்னொரு காருக்குத் திட்டம் போட்டார். அலைச்சலுக்கு நடுவே நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தது. 1956 டிசம்பர் 26-ல் மிச்சிகனில் இறந்தார். வயது 53.

51 கார்களில் 47 இன்றும் இருக்கின்றன. 1940-களில் இவ்வளவு குறைவாகச் செய்யப்பட்ட ஒரு கார் இந்த அளவுக்குத் தப்பிப் பிழைத்தது அபூர்வம். மூடப்பட்ட கம்பெனியின் வண்டி என்று சல்லிசாக ஏலம் போனவை அவை. 2012-ல் அரிசோனாவில் நடந்த ஏலத்தில் ஒன்று மட்டும் 29 லட்சம் டாலருக்கு மேல் போனது. கொப்போலாவிடமும் ஸ்டார் வார்ஸ் எடுத்த ஜார்ஜ் லூகாஸிடமும் டக்கர் உண்டு. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பது 1039 எண் வண்டி. போதைப்பொருள் வழக்கு ஒன்றில் அரசு பறிமுதல் செய்தது.

சிகாகோ ஆலையின் ஒரு பகுதியில் இப்போது மிட்டாய் செய்கிறார்கள். இன்னொரு பகுதி 1965-ல் ஷாப்பிங் மால் ஆனது. கொரியப் போரின்போது அங்கே விமான இன்ஜின் செய்த கம்பெனியின் பெயரையே மாலுக்கும் வைத்தார்கள்: ஃபோர்டு சிட்டி.